பேனா எடுத்தாச்சா?

அலுவலகத்தில் அவனைச் சைபர் என்று கூப்பிட்டார்கள். தொலைபேசிப் பிரிவில் அவன் ஒருவன்தான். யார் வாய்ஸ்மெயில் பாஸ்வேர்டை மறந்தாலும் அவனை அழைப்பார்கள். அவன் நான்கு சைபர் வைத்துக் கொடுப்பான். "உடனே மாத்திக்குங்க" என்பான். யாரும் மாற்றியதில்லை.

ஆகவே கட்டடத்தில் பாதி வாய்ஸ்மெயில் பெட்டிகளுக்கு ஒரே பாஸ்வேர்டு. இது எல்லோருக்கும் தெரியும். மேலாளருக்கு மட்டும் தெரியாது. அவர் பெட்டிக்கும் அதுதான்.

ஒரு நாள் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் தன் பெட்டி என்று நினைத்து மேலாளரின் பெட்டியைத் திறந்துவிட்டார். அதில் மேலாளரின் மனைவி பேசியிருந்தார். குறட்டை டாக்டர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுபடியும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மறக்க வேண்டாம்.

மத்தியானத்துக்குள் செய்தி கேன்டீனுக்குப் போய்விட்டது.

"சார், ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று டீ கொடுப்பவர் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

மேலாளர் சைபரை அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே உன் கை இதுல படக்கூடாது. புதுசா ஆள் சேர்ந்தா பெட்டி தானா உருவாகணும். மறந்தா பாஸ்வேர்டு தானா மாறணும். நடுவுல ஒரு மனுஷன் இருக்கக்கூடாது."

"சரி சார்."

"எல்லாத்துக்கும் நாலு சைபர் போடறதுக்கு ஒரு மூளை வேணுமாய்யா?"

"வேண்டாம்னுதான் போட்டேன் சார்."

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. அங்கே நடுவில் ஒரு மனுஷி இல்லாமல் எதுவும் நடக்காது.

அவன் மாமியார் அவனோடு பேசுவதில்லை. சண்டை இல்லை. சாப்பாடு போடுவார், சட்டையில் பட்டன் தைத்து வைப்பார், இருமினால் வெந்நீர் வைப்பார். பேச்சு மட்டும் மகள் வழியாக.

"அவருக்கு ஜுரம் விட்டுச்சான்னு கேளு" என்பார். அவன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பான், வாயில் தெர்மாமீட்டரோடு.

"ஜுரம் விட்டுச்சாங்க?" என்று மனைவி கேட்பாள்.

அவன் தலையசைப்பான்.

"விட்டுச்சாம்மா."

அவன் நேராக ஏதாவது சொன்னால் மாமியார் மகள் பக்கம் திரும்புவார். "என்ன சொல்றார்?" மகள் வீட்டில் இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கேட்பார். ஃப்ரிட்ஜ் பதில் சொல்லாது. பேச்சு அதோடு முடியும்.

காரணம் ஒரு கைபேசி. கல்யாணமான இரண்டாவது மாதம் மாமியார் தன் கைபேசியின் பூட்டை மறந்துபோனார். "கொடுங்க அத்தை, ரெண்டே நிமிஷம்" என்று அவன் வாங்கினான். திறந்து கொடுத்தான். உள்ளே ஒன்றும் இல்லை. படங்கள் இல்லை, சேர்த்து வைத்த பெயர்கள் இல்லை. கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். மறுநாள் பெயரில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தார். நாத்தனார். அந்தப் பெயர் திரையில் வந்தால் எடுக்காமல் இருப்பதை அவர் பல வருடமாகக் கட்டிக் காத்து வந்தார். எடுத்தபின் என்ன செய்வது? "எப்படி இருக்கீங்க? வாங்களேன் ஒரு தடவை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. நாத்தனார் வந்தார். திரைச்சீலை நிறம் சரியில்லை என்றார். சமையல் மேடை உயரம் சரியில்லை என்றார். தம்பி இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பானா என்றார். ஒரு பருவம் முழுக்க இருந்துவிட்டுப் போனார்.

டாக்ஸி கிளம்பியதும் மாமியார் கதவைச் சாத்தினார். மருமகனிடம் பேசுவதையும் அன்றோடு நிறுத்தினார்.

அவனுக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தான். அம்மா இல்லாமல் வளர்ந்தவன். கல்யாணத்தில் தனக்கு லாபம் என்று அவன் கணக்கு வைத்தவற்றில் மாமியாரும் ஒருவர். இதை மனைவியிடம் அவன் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் மேலாளர் கேட்ட தானியங்கி தயாராயிற்று. ஊழியர் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால் பெட்டி உருவாகும். மறுநாள் காலை அந்த ஆளின் மேசைத் தொலைபேசி அடிக்கும். மேசை இல்லாதவருக்குக் கைபேசி. பிறந்த தேதியைக் கேட்கும். சரியாக இருந்தால் தற்காலிக எண் ஒன்றைச் சொல்லும். பாஸ்வேர்டை மறந்தவரும் அதே வழியில் போகலாம். ஓர் எண்ணை அழைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். நான்கு சைபர் மட்டும் வராது. அதற்கென்றே தனியாக ஒரு வரி எழுதினான்.

குரல்தான் சிக்கல். இயந்திரத்தோடு ஒரு பெண் குரல் வந்திருந்தது. அது எண்களைச் சாபம் விடுவதுபோல் சொன்னது. சோதனைக்குக் கேட்ட வரவேற்பாளர் இரண்டாவது எண்ணிலேயே வைத்துவிட்டார்.

"நான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு அண்ணே."

மனைவியிடம் கேட்டான். "நீ பேசிக் கொடேன்."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. அம்மாவைக் கேளுங்க."

"நான் எப்படிக் கேக்கறது?"

"சரி, நான் கேக்கறேன். வழக்கம்போல."

மாமியார் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை பார்த்தவர். வேலைக்காலம் முழுவதும் டோக்கன் எண்களைக் கூப்பிட்டவர். இரைச்சல், இருமல், குழந்தைகளின் அழுகை, எல்லாவற்றுக்கும் மேலே அவர் எண் கேட்கும்.

"எத்தனை பேர் கேப்பாங்கன்னு கேளு."

"எழுநூறு பேர்" என்றான் அவன்.

"எழுநூறு பேராம்மா."

"ஒரு காலை நேரக் கூட்டம்தானேன்னு சொல்லு."

பீரோ இருந்த அறையில் எதிரொலி குறைவு. பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி மாமியார் நின்றார். பின்னால் அவன் ஒலிப்பதிவுக் கருவியோடு. இருவருக்கும் நடுவே மனைவி.

அவன் எழுதிக் கொடுத்த தாளை மாமியார் படித்தார். 'தங்கள் கடவுச்சொல் வெற்றிகரமாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது.'

"இப்படி யார் பேசுவாங்கன்னு கேளு."

மனைவி அவனைப் பார்த்தாள்.

"நானே பேசிக்கறேன்னு சொல்லு."

பேசினார்.

"மறந்துட்டீங்களா? பரவாயில்ல. புது எண் சொல்றேன். பேனா எடுங்க."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அவன் கருவியை நிறுத்தப் போனான். மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

"எடுத்தாச்சா? ம். எழுதிக்குங்க."

பிறகு பூஜ்யம் முதல் ஒன்பது வரை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னார். எந்த எண்ணையும் இன்னொன்றாக நினைக்க முடியாது. "இதைச் சீட்டுல எழுதித் திரையில ஒட்டி வைக்காதீங்க. எல்லாருக்கும் கண்ணு இருக்கு" என்றார். தப்பான தேதிக்கு: "இது சரியில்லையே. நிதானமா யோசிச்சுப் பாருங்க." மூன்றாவது தப்புக்கு அவன் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவரே சேர்த்தார்: "அவசரப்படறீங்க. போய்த் தண்ணி குடிச்சிட்டு அப்புறமா வாங்க."

புதியவர்களை வரவேற்கவும் ஒன்று பேசினார். "புதுசா சேர்ந்திருக்கீங்களா? வாங்க. பயப்படாதீங்க."

அவன் அன்றிரவு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினான். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்டான். 'எடுத்தாச்சா?' வந்தபோது மேசையில் இருந்த பேனாவைத் தன்னையறியாமல் எடுத்திருந்தான்.

தானியங்கி ஓடத் தொடங்கியது. அவன் மேசைத் தொலைபேசி அடிப்பது நின்றது. முதல் வாரம் மேலாளர் அவன் தோளில் தட்டினார்.

இரண்டாவது வாரம் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாஸ்வேர்டு மாத்தறது மூணு மடங்கு ஆயிருக்கு. குறையணும்ல?"

"எனக்கு ஒரு அழைப்புகூட வரல சார்."

"உனக்கு வராதுய்யா. மெஷினுக்கு வருது. ஒரே நாள்ல கணக்குப் பிரிவு மொத்தமும் மறந்திருக்கு. தண்ணில ஏதாவது கலந்துட்டாங்களா?"

கணக்குப் பிரிவுக்குப் போய் விசாரித்தான். மூத்த கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறக்கல தம்பி. சும்மா கேப்போம். காலைல வந்ததும் அந்தம்மா 'பரவாயில்ல'ன்னு சொல்றாங்க பாருங்க, அது இந்த ஆபீஸ்ல வேற யாரும் சொல்றதில்ல."

கிடங்கில் இன்னும் மோசம். சாப்பாட்டு வேளையில் ஸ்பீக்கரில் போட்டு, வேண்டுமென்றே மூன்று முறை தப்பாக அழுத்தினார்கள். 'தண்ணி குடிச்சிட்டு வாங்க' வந்ததும் எல்லோரும் சேர்ந்து, "சரிம்மா!" பிறகு உண்மையிலேயே போய்த் தண்ணீர் குடித்தார்கள். கிடங்கு மேற்பார்வையாளர் இதனால் உடம்புச் சூடு குறைந்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டிலும் ஒரு மாற்றம். மாலையில் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னைக்கு எத்தனை பேர் கேட்டாங்கன்னு கேளு."

அவன் சொல்வான். மனைவி திருப்பிச் சொல்வாள். மாமியார் "ம்" என்பார். அந்த "ம்" மனைவி வழியாக வருவதில்லை. அவன் அதை நேரடியானது என்றே எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் மேலாளர் தொலைபேசி அறைக்கே வந்தார். கதவு திறந்திருந்தது. சைபர் ரிசீவரைக் காதில் வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"எடுத்தாச்சு அத்தை" என்றான். எழுதினான். "இல்ல, ஒட்ட மாட்டேன்" என்றான்.

மேலாளர் இருமினார். அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

"டெஸ்ட் சார்."

"பதில் சொல்லிட்டிருந்தியே?"

"அது... முழுசா டெஸ்ட் பண்ணணும்ல சார்."

"அத்தைன்னியே?"

அவன் சொன்னான். யார் குரல் என்பதை மட்டும் சொன்னான். மற்றதை மேலாளரே ஊகித்திருக்கலாம். அவருக்கும் மாமியார் உண்டு. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"நல்ல குரல்தான். நானே ரெண்டு தடவை மாத்தினேன்" என்றார். "ஆனா தலைமை அலுவலகத்துல கேக்கறாங்க, இந்தக் கிளையில எல்லாருக்கும் ஞாபக மறதி வியாதியான்னு. திங்கட்கிழமை மெஷின் குரலையே போட்டுடு."

"அது பயமுறுத்துது சார்."

"பயந்தா ஞாபகம் இருக்கும்."

இப்போது யார் சொல்வது? அவன் மனைவியிடம் போனான். அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடு, குரலை மாத்தறாங்கன்னு."

சீப்பு நின்றது.

"நான் சொல்ல மாட்டேன்."

"நீதானே எல்லாத்தையும் சொல்றே?"

"ஜுரம் விட்டுச்சா, சாம்பார்ல உப்பு கம்மி, கரண்ட் பில் கட்டியாச்சா, இதெல்லாம் சொல்றேன். இதைச் சொல்ல மாட்டேன். அவங்க பழைய கவுண்டர் கூட்டாளிங்க அத்தனை பேருக்கும் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க, எழுநூறு பேர் தன்னைக் கேக்கறாங்கன்னு. நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா, எதைச் சொருகினாலும் அந்தப் பக்கம் அனுப்ப? நீங்க அழிச்சதுக்கு நீங்களே பேசுங்க. இப்ப ரெண்டாவது தடவை அழிக்கப் போறீங்க."

"நான் பேசினா உன்னைத் தேடுவாங்க. நீ இல்லேன்னா ஃப்ரிட்ஜைப் பாப்பாங்க."

"அது உங்க ரெண்டு பேர் பாடு. ஃப்ரிட்ஜோட சேத்து மூணு பேர் பாடு."

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நேரில் சொல்ல முடியாது. செய்தியாக விடலாம். மாமியாருக்கும் ஒரு பெட்டி இருந்தால், அதில் அவன் பேசி வைத்தால், அவர் தனியாக உட்கார்ந்து கேட்பார். திரும்பிப் பார்க்க அங்கே மகளும் இருக்க மாட்டாள், ஃப்ரிட்ஜும் இருக்காது.

ஊழியர் பட்டியலில் சோதனைக்கென்று விட்டிருந்த வரியில் மாமியாரைச் சேர்த்தான். பதவி என்ற இடத்தில் 'குரல்' என்று போட்டான். பிறந்த தேதி இல்லாமல் பட்டியல் ஏற்கவில்லை. நாளும் மாதமும் தெரியும், மனைவி ஞாபகப்படுத்துவாள். வருடம் தெரியாது. ஓய்வு பெற்றவர்தானே என்று ஓய்வு வயதை வைத்துக் கணக்குப் பார்த்து ஒன்றைப் போட்டான். பெட்டி உருவாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். அழித்தான். பேசினான். அழித்தான். கடைசியில் ஒன்றை வைத்தான்.

அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி மறுநாள் அவரை அழைக்கப்போவது எந்தக் குரல் என்பதை அவன் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மனைவிக்கு அரை நாள் வேலை. அவன் கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தான். மாமியார் உள்ளறையில். கைபேசி அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"புதுசா சேர்ந்திருக்கீங்களா? வாங்க. பயப்படாதீங்க."

"யாரு?" என்றார் மாமியார்.

"உங்க பிறந்த தேதியை அழுத்துங்க."

"எதுக்கு? யாரு நீங்க?" கொஞ்சம் நிறுத்தி, "நானா?"

அவன் செய்தித்தாளை இன்னும் உயர்த்தினான். உள்ளே பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கத்தின.

"இது சரியில்லையே. நிதானமா யோசிச்சுப் பாருங்க."

"என் பிறந்த நாளை நான் என்ன யோசிக்கறது?"

மறுபடி பொத்தான்கள். இந்த முறை பலமாக.

"இது சரியில்லையே. நிதானமா யோசிச்சுப் பாருங்க."

"அதிகப்பிரசங்கி" என்றார் மாமியார் மாமியாரிடம்.

அவனுக்கு அப்போதுதான் தான் ஊகித்துப் போட்ட வருடம் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடிப் போய்ச் சொல்லலாம். ஆனால் அந்த வருடத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? உட்கார்ந்தான். பொத்தான்கள் மூன்றாம் முறையாக அழுந்தின.

"அவசரப்படறீங்க..."

"சொல்லாதே. அடுத்தது என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும்."

கைபேசி அணைந்தது. கதவு திறந்தது. மாமியார் கூடத்துக்கு வந்தார். வழக்கப்படி மகளைத் தேடினார். மகள் இல்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினார்.

"இது யார் பண்ண வேலை?" என்று ஃப்ரிட்ஜைக் கேட்டார்.

"நான்தான்" என்றான் அவனும் ஃப்ரிட்ஜிடம்.

மாமியார் ஃப்ரிட்ஜை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். செய்தித்தாளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"என் வயசு என்னன்னு போட்டிருக்கீங்க?"

அவனைத்தான் கேட்டார். முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கேக்கறேன்ல?"

சொன்னான்.

"ஏழு வருஷம்" என்றார் மாமியார். "ஏழு வருஷம் கூட்டிப் போட்டிருக்கீங்க. நான் விருப்ப ஓய்வுல வந்தவ. எல்லாரும் அழுதாங்க தெரியுமா, டாக்டர் உட்பட. என்னைப் பாத்தா அவ்வளவு வயசா தெரியுதா?"

"இல்ல அத்தை."

"அப்புறம் எதைப் பாத்துப் போட்டீங்க?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். திங்கட்கிழமை குரல் மாறுகிறது. நேரில் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் பெட்டி. அதனால் வயது.

மாமியார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்கு மாத்தறாங்க? எண் புரியலன்னாங்களா?"

"புரியுது. உங்களைக் கேக்கறதுக்காகவே மறக்கறாங்க."

"எல்லாருமா?"

"முக்கால்வாசிப் பேர்."

"நீங்க?"

அவன் செய்தித்தாளை நான்காக மடித்தான். "தினமும்."

"உங்களுக்கு எதுக்கு? நீங்கதானே அந்த மெஷினைப் பண்ணீங்க?"

"நீங்க என்கிட்ட பேசற மாதிரி இருக்கும்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"நான் உங்ககிட்ட பேசல" என்றார் மாமியார். "பீரோவைப் பாத்துப் பேசினேன்."

"தெரியும்."

"குரல் போனா போகட்டும். டோக்கன் கூப்பிட்ட குரலுக்கு மெஷின் ஒரு கேடா? கவுண்டர்ல ஒரு எண்ணை ரெண்டாவது தடவை கேட்டா முறைப்பேன். இங்க மூணு தடவை கேக்கறாங்களாம்." பழைய கோபம் எங்கிருந்தோ வேகமாக வந்து சேர்ந்தது. "அதை விடுங்க. கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. அன்னைக்கு என் போனை வாங்கினீங்களே, ரெண்டு நிமிஷம்னு, அதுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல அத்தை."

"கேட்டிருக்கணுமா இல்லையா?"

"கேட்டிருக்கணும்."

"என் நாத்தனார் வந்து திரைச்சீலையைப் பத்திப் பேசினப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

அவன் யோசித்தான். "ஆமா, கொஞ்சம் டல்லாத்தான் இருக்குன்னேன்."

"சொன்னீங்கள்ல?"

"சொன்னேன்."

"நல்லா உட்காருங்க. இன்னும் இருக்கு."

மனைவி கதவைத் திறந்தபோது உள்ளே இரண்டு குரல்கள். ஒன்று நீளமாகப் போனது. இன்னொன்று இடையிடையே "ஆமா அத்தை" என்றது. பேச்சு சமையல் மேடையின் உயரம்வரை வந்திருந்தது. அவள் ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் நின்றாள். அம்மாவின் முகம் சிவந்திருந்தது. கணவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இதுவரை அவள் பார்த்திராத ஒரு சிரிப்போடு திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அவர் என்ன சொல்ல வர்றார்னா..."

"நீ இரும்மா" என்றார் மாமியார், மகளைத் திரும்பிப் பார்க்காமல். "நாங்க பேசிட்டிருக்கோம்."

அவள் இன்னொரு செருப்பையும் கழற்றினாள். உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு, கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள்.